“அப்பன் இரத்தம்” ஒரு தீர்ப்பா?

குடியினால் தந்தையை இழந்த ஒரு சிறுவன் பள்ளியில் சண்டையிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஊரார் வாயிலிருந்து புறப்படும் முதற்சொல் யாது? “அப்பன் இரத்தம் ஓடுகிறது, வேறு எப்படி இருப்பான்?” என்பதே. அதே சிறுவன் வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்று வந்தால், “பார்க்கலாம், எத்தனை நாளைக்கு!” என்று இன்னொரு குரல் எழும். அவன் செய்யும் தவற்றுக்கு இரத்தம் பொறுப்பு. அவன் செய்யும் நன்மையோ தற்செயல். பத்து வயதில் ஒரு குழந்தையின் தலைமீது இவ்வாறு எழுதப்படும் தீர்ப்பு, சில வேளைகளில் அவனது முப்பதாவது வயதில் நிறைவேறியும் விடுகிறது. நிறைவேற்றியது இரத்தமா, அல்லது அந்தத் தீர்ப்பேதானா என்று எவரும் கேட்பதில்லை.

கள்ளக்குறிச்சிப் பகுதியில் வாழும் நமக்கு இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள். அவ்வீடுகளின் பிள்ளைகள் இன்று நம் பள்ளிகளில் பயிலுகின்றனர்; நம் தெருக்களில் விளையாடுகின்றனர். இதே போன்று, கல்வராயன் மலையின் ஓடைகளில் சிலர் சாராயம் காய்ச்சிய காரணத்தால், தேனும் கடுக்காயும் புளியும் சேகரித்து, சாமையும் நெல்லும் பயிரிட்டு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் அனைவரையுமே “அது அவர்கள் பிறவிக் குணம்” என்று சமவெளியில் பேசுவோர் உண்டு.

ஒரு மனிதனின் குணமும் நடத்தையும் அவன் பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டனவா? இதைக் குறித்து அண்மைக் கால விஞ்ஞானம் வியப்புக்குரிய சில செய்திகளைச் சொல்லியிருக்கிறது. அவற்றை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம் எனக் கருதி ஈண்டுத் தொகுத்துத் தருகிறோம்.

துறவியின் தோட்டமும் ஆலயப் பாடல் நூலும்

மரபு பற்றிய விஞ்ஞானத்திற்கு அடிக்கல் நாட்டியவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நம்மில் பலர் அறிந்ததே. புனித அகுஸ்தீனார் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல் அடிகளார், இன்று செக் நாட்டில் உள்ள புருனோ நகரத் துறவற மடத்துத் தோட்டத்தில் பல்லாண்டுகள் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கலப்புச் செய்து, பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கணக்கின்படி செல்லுகின்றன என்று கண்டார். 1866ஆம் ஆண்டு அவரது கட்டுரை அச்சாயிற்று. 1884இல் அவர் இறக்கும்வரை உலகம் அதன் பெருமையை உணரவில்லை. பிற்காலத்தார் அப்பண்புகளைக் கடத்தும் கூறுகளுக்கு ஜீன் என்று பெயரிட்டனர். தமிழில் மரபணு என்கிறோம். நம் உடலின் புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000 உள்ளன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நம் கண்ணிலும் ஈரலிலும் மூளையிலும் உள்ள உயிரணுக்கள் அனைத்தும் ஒரே மரபணுத் தொகுதியையே கொண்டிருக்கின்றன. ஆயினும் கண் பார்க்கிறது, ஈரல் பித்தநீரைச் சுரக்கிறது, மூளை சிந்திக்கிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? நம் ஆலயப் பாடல் நூலை நினைத்துக்கொண்டால் விடை எளிதில் விளங்கும். ஆண்டு முழுவதும் பாடகர் குழுவின் கையில் இருப்பது அதே நூல்தான். ஆனால் தவக்காலத்தில் அல்லேலூயா ஒலிப்பதில்லை. பாஸ்கா இரவில் அது ஆலயமே அதிர எழுகிறது. நூல் மாறவில்லை, பாடப்படும் பாடல் மாறிற்று. அவ்வாறே ஒவ்வோர் உயிரணுவிலும் சில மரபணுக்கள் விழித்துப் பணியாற்றுகின்றன, சில உறங்குகின்றன. ஒரு மரபணு இவ்வாறு விழித்துச் செயலுக்கு வருவதையே மரபணு வெளிப்பாடு என்பர். எந்த மரபணு எப்போது விழிப்பது, எவ்வளவு உரக்கப் பாடுவது என்பதை உணவு, அனுபவம், உறவு, வயது ஆகியவையும் உடலினுள் நிகழும் நுண்ணிய தற்செயல்களும் ஓரளவு நிர்ணயிக்கின்றன.

தேன்கூட்டில் ஒரு பாடம்

கல்வராயன் மலையில் தேன் எடுப்போருக்கு நன்கு தெரிந்த தேனீக்களே இதற்கு முதற்சான்று. பாறைகளிலும் உயர்ந்த மரக்கிளைகளிலும் பெருங்கூடு கட்டும் மலைத்தேனீயானாலும், மரப்பொந்துகளில் அடுக்கடுக்காய்க் கூடு வைக்கும் தேனீயானாலும், ஒவ்வொரு கூட்டிலும் ஒரு ராணியும் ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்களும் உள்ளன. ராணி முட்டையிட்டு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. வேலைக்காரத் தேனீயோ உழைப்பு மிகுந்த காலத்தில் சில வாரங்களில் மடிகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு பிறவிகள் என்றே எண்ணத் தோன்றும். உண்மையில் எந்த முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ தோன்றுகிறதோ, அதே முட்டையிலிருந்து ராணியும் தோன்றியிருக்கக்கூடும். புழுப் பருவத்தில் அதற்கு ஊட்டப்படும் உணவே இந்த வேறுபாட்டைத் தொடங்கி வைக்கிறது. 2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், மரபணுக்களின்மேல் இரசாயன முத்திரையிட்டு அடக்கும் ஒரு புரதத்தைத் தேனீப் புழுக்களில் குறைத்துப் பார்த்தனர். அப்புழுக்களில் பெரும்பாலானவை ராணிகளாக வளர்ந்தன! ராணியாவதற்குரிய பாடல் வேலைக்காரத் தேனீயின் நூலிலும் இருந்தது. பாடப்படாமல் இருந்தது, அவ்வளவே.

வேலைக்காரத் தேனீக்களுக்குள்ளும் வேற்றுமை உண்டு. இளமையில் அவை கூட்டினுள் இருந்து புழுக்களுக்கு உணவூட்டும் செவிலிகள். சில வாரங்கள் கழித்து வெளியே பறந்து மலர்தோறும் தேன் தேடும் உழைப்பாளிகள். அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஜீன் ராபின்சனின் குழுவினர் ஐரோப்பியத் தேனீக்களின் மூளைகளை ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் பார்த்த சுமார் 5,500 மரபணுக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது, செவிலித் தேனீயின் மூளையில் ஒரு விதமாகவும் தேன் தேடும் தேனீயின் மூளையில் வேறு விதமாகவும் செயல்பட்டன. மூளையின் மரபணு வெளிப்பாட்டை மட்டும் கொண்டே, 60 தேனீக்களுள் 57 தேனீக்களின் தொழிலை அவர்களால் சரியாகச் சொல்ல முடிந்தது. ஒரே தேனீயின் வாழ்நாளிலேயே, பொறுப்பு மாறும்போது மூளையின் பாடலும் மாறுகிறது என்பதே இதன் கருத்து.

ஒரே அச்சில் வார்த்த உயிர்கள்

“ஒரு கூட்டுத் தேனீக்கள் சகோதரிகள்தாமே, அவற்றிற்குள் மரபு வேற்றுமை சிறிதேனும் இருக்குமன்றோ?” என்று வாசகர் வினவலாம். நியாயமான வினா. அதற்கு விடை காணவே விஞ்ஞானிகள் மரபில் வேற்றுமையே இல்லாத விலங்குகளை நாடினர். ஆய்வுக்கூடங்களில் உடன்பிறந்த எலிகளையே இருபது தலைமுறைக்குமேல் தொடர்ந்து இணைத்து உண்டாக்கிய சுண்டெலி வகைகள் உள்ளன. அவ்வகையின் எலிகள், ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல, மரபில் ஏறக்குறைய முற்றிலும் ஒன்றே.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த கெர்டு கெம்பர்மன் என்னும் மூளை ஆராய்ச்சியாளரும் அவர் தோழர்களும் இத்தகைய 40 சுண்டெலிகளைப் பல அடுக்குகளும் குழாய் வழிகளும் விளையாட்டுப் பொருள்களும் கொண்ட ஒரே பெரிய கூண்டில் விட்டனர். ஒவ்வோர் எலியின் உடலிலும் ஒரு சிறு மின்னணுச் சில்லைப் பொருத்தி, சுமார் மூன்று மாதங்கள் அவை சென்ற இடமெல்லாம் பதிவு செய்தனர். மரபும் ஒன்று, வயதும் ஒன்று, கூண்டும் உணவும் ஒன்று. எனில் நடத்தையும் ஒன்றாய் இருந்திருக்க வேண்டுமன்றோ? நடந்தது வேறு. நாளாக நாளாக எலிகளுக்குள் வேற்றுமை பெருகியது. சில, கூண்டின் மூலைமுடுக்கெல்லாம் சுற்றித் திரிந்து புதியனவற்றை நாடின; சில, தமக்குப் பழகிய எல்லைக்குள் அடங்கின. மிகுதியாய்ச் சுற்றித் திரிந்த எலிகளின் மூளையில், நினைவுக்கும் கற்றலுக்கும் உரிய பகுதியில், புதிய நரம்பணுக்கள் மிகுதியாய்த் தோன்றியிருந்தன. 2013இல் வெளிவந்த இந்த ஆய்வு, தான் வாழும் வாழ்க்கையே ஓர் உயிரின் மூளையைச் செதுக்குகிறது என்பதை எடுத்துக்காட்டியது.

இதனினும் வியப்பான ஒன்று மீனிடத்தில் காணப்பட்டது. மெக்சிக்கோவின் வடகிழக்கிலும் அமெரிக்காவின் டெக்சாசிலும் வாழும் அமேசான் மோலி என்னும் சிறு மீன் இனத்தில் ஆணே இல்லை. தாய் தன் நகல்களையே ஈனுகிறது. பெர்லின் நகர ஆராய்ச்சியாளர்கள் அம்மீன்குஞ்சுகளைப் பிறந்த உடனேயே தனித்தனித் தொட்டிகளில், கூடியவரை ஒன்றுபோன்ற சூழலில் வளர்த்தனர். அப்படியும் ஒவ்வொரு மீனும் தனக்கென ஒரு நடத்தை கொண்டு விளங்கியது என்று 2017இல் அறிவித்தனர். மரபு ஒன்று, சூழலும் ஒன்று என்று நாம் எவ்வளவுதான் வகுத்து வைத்தாலும், படைப்பு இரண்டு உயிர்களை ஒன்றாக்க மறுக்கிறது.

குடிக்கும் எலியும் குடிக்காத எலியும்

இனி நம் கேள்விக்கு மிக அருகில் வருவோம். மேலே கூறிய சுண்டெலி வகைகளுள் ஒன்று, மதுவை விரும்பிக் குடிப்பதற்குப் பெயர் பெற்றது. “குடிகார இரத்தம்” என்று ஒன்று உண்டானால், அது அந்த வகைக்கே பொருந்தும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டு நகரில் மைக்கேல் மைல்ஸ் என்பாரின் குழுவினர் அவ்வகை எலிகளுக்குத் தண்ணீர்ப் புட்டி ஒன்றும், மது கலந்த நீர்ப் புட்டி ஒன்றும் வைத்து, எது எவ்வளவு குடிக்கிறது என்று அளந்தனர்.

ஒரே மரபு கொண்ட அந்த எலிகளுள் சில மிகுதியாய்க் குடித்தன. சில குறைவாகவே குடித்தன. ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படி என்றில்லாமல், இந்த வேறுபாடு நிலையாகவும் இருந்தது. அவற்றின் மூளைகளை ஆராய்ந்தபோது, மிகுதியாய்க் குடித்தவற்றிற்கும் குறைவாய்க் குடித்தவற்றிற்கும் மரபணு வெளிப்பாட்டில் வேற்றுமைகள் காணப்பட்டன. மரபணு இழையைச் சுற்றிக் கட்டி வைக்கும் அமைப்போடும், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையோடும் தொடர்புடைய மரபணுக்கள் அவற்றுள் அடங்கும். 2011இல் வெளியான இந்த ஆய்வு கூறுவது யாதெனில், மதுவை நாடும் இயல்பில்கூட, மரபு ஒன்றே முழுக் கதையையும் சொல்லிவிடுவதில்லை என்பதாகும். குடித்ததனால் மூளை மாறியதா, மூளை மாறியிருந்ததனால் குடித்ததா என்பதை இத்தகைய ஆய்வு ஒன்றே தீர்த்துவிடாது. ஆனால் “ஒரே இரத்தம், ஆகவே ஒரே முடிவு” என்ற வாதம் எலியிடத்திலேயே தோற்றுவிட்டதைக் காண்கிறோம்.

தாயின் அரவணைப்பு

கனடா நாட்டு மொன்றியால் நகரில் மக்கில் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மீனி குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வும் இங்குக் குறிப்பிடத்தக்கது. பெருச்சாளியை விடச் சிறியதாகிய ஆய்வுக்கூட எலித் தாய்களுள் சில, தம் குட்டிகளை அடிக்கடி நக்கிக் கோதி வளர்க்கின்றன. சில அவ்வளவு கவனிப்பதில்லை. மிகுதியாய்க் கோதி வளர்க்கப்பட்ட குட்டிகள், வளர்ந்தபின் அச்சத்தையும் அதிர்ச்சியையும் எளிதில் தாங்கின. மூளையில் அதிர்ச்சியைத் தணிக்க உதவும் ஒரு மரபணுவின்மீது இரசாயன முத்திரை குறைவாக இருந்ததால், அது நன்றாக விழித்துப் பணியாற்றியது. கவனிப்புக் குறைந்த தாயின் குட்டிகளைப் பிறந்தவுடன் கவனிப்பு மிகுந்த தாயிடம் விட்டபோது, அவையும் வளர்ப்புத் தாயின் குட்டிகளைப் போன்றே ஆயின. பெற்ற தாயின் மரபைக் காட்டிலும் வளர்த்த தாயின் அரவணைப்பு அங்கே முந்தி நின்றது. எலியிடத்துக் கண்டதை அப்படியே மனிதரிடம் ஏற்றிச் சொல்லக்கூடாதுதான். ஆயினும் தந்தையை இழந்த பிள்ளையை அணைத்து வளர்க்கும் பாட்டிக்கும் தாய்மாமனுக்கும் சித்திக்கும் இச்செய்தி ஊக்கம் தருமன்றோ?

மனிதரிடத்தில்

மனிதருள் மரபில் ஒன்றானவர்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். ஸ்பெயின் நாட்டில் மானெல் எஸ்தெல்லரின் குழுவினர் 3 வயது முதல் 74 வயது வரையிலான 40 இணை இரட்டையரை ஆராய்ந்து 2005இல் கூறியதாவது: இளம் இரட்டையரின் மரபணு முத்திரைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன, முதிய இரட்டையரிடத்திலோ, அதிலும் நெடுங்காலம் பிரிந்து வெவ்வேறு வாழ்க்கை நடத்தியோரிடத்தில், அவை பெரிதும் வேறுபட்டிருந்தன. ஒரே நூலோடு பிறந்தவர்கள் வெவ்வேறு பாடல்களைப் பாடி முதிர்ந்தனர்.

குடிப்பழக்கத்தைப் பொறுத்தவரை உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மரபுக்கு அதில் பங்கு உண்டு. இரட்டையரிடத்தும் தத்துப் பிள்ளைகளிடத்தும் செய்த பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய அறிஞர்கள், ஒரு சமுதாயத்தில் மனிதருக்கு மனிதர் குடிநோயில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபைச் சார்ந்தது என்கின்றனர். மறு பாதி மரபு சாராதது. டென்மார்க் நாட்டில் டொனால்டு குட்வின் என்னும் மருத்துவர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்கு விளக்கும். குடிநோயாளிக்குப் பிறந்து, பச்சிளம் பருவத்திலேயே வேறு குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட 55 ஆண் மக்களை அவர் ஆராய்ந்தார். ஏறத்தாழ 30 வயதில் அவர்களுள் நூற்றுக்கு 18 பேர் விழுக்காட்டில் குடிநோயாளிகளாய் இருந்தனர். மற்றப் பெற்றோருக்குப் பிறந்து தத்துப் போன 78 பேரிலோ நூற்றுக்கு 5 பேரே. ஆபத்து மூன்று மடங்குக்கும் மேல் என்பது உண்மை. ஆனால் அதே கணக்கை மறுபுறம் திருப்பிப் படியுங்கள்: குடிகாரத் தந்தையின் மக்களுள் ஐந்தில் நான்கு பேருக்கும் மேலானோர் அந்த வயதில் குடிநோய்க்கு ஆளாகவில்லை!

சர்க்கரை நோய் உள்ள குடும்பத்தில் பிறந்த பிள்ளையிடம், “நீ நோயாளியாகத்தான் சாவாய்” என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. “நம் குடும்பத்தில் இது உண்டு, கண்ணே, நீ இனிப்பைக் குறைத்துக்கொள்” என்றுதான் சொல்கிறாள். குடியைக் குறித்தும் அவ்வாறே பேசுதல் வேண்டும். “உன் தந்தையை வீழ்த்தியது உன்னையும் எளிதில் வீழ்த்தக்கூடும், ஆகையால் முதற் கோப்பையையே தொடாதே” என்பது எச்சரிக்கை. “நீயும் அவனைப் போலத்தான் ஆவாய்” என்பது சாபம். முன்னது அறிவு, பின்னது அறியாமை.

இரத்தத்தைக் கொண்டு ஒரு கூட்டத்தையே குற்றவாளிகளாக முத்திரையிட்ட கொடுமையையும் நம் நாடு கண்டதுண்டு. 1871ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், சில குலத்தாரைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் எனக் கருதிற்று. பிற்பாடு சென்னை மாகாணத்திற்கும் நீட்டப்பட்ட அச்சட்டம், விடுதலைக்குப் பின் 1952இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது நம் நாவிலிருந்து இன்னும் நீங்கவில்லை என்பதற்குக் கல்வராயன் மலை மக்களைப் பற்றிய ஏச்சே சான்று.

திருமறை சொல்வது

இவ்விஷயத்தில் விஞ்ஞானம் இன்று கண்டறிந்து வருவது, நம் விசுவாசத்திற்கு அந்நியமானதன்று. பெற்றோர் உண்டது பிள்ளைகளின் பல்லைக் கூசச் செய்யும் என்ற கருத்துடைய பழமொழி ஒன்று இஸ்ராயேலில் வழங்கிற்று. இனி அதை எவரும் சொல்லலாகாது என்று எசேக்கியேல் இறைவாக்கினர் வாயிலாக ஆண்டவர் தடுத்ததை அந்நூலின் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், அவன் பாவமா அவன் பெற்றோர் பாவமா என்று வினவியபோது, இரண்டையும் மறுத்து, அவனிடத்தில் இறைவனின் செயல் வெளிப்பட வேண்டும் என்று இயேசு பெருமான் விடையளித்ததை அருளப்பர் நற்செய்தி கூறுகிறது. ஒவ்வொரு மனிதனின் ஆன்மாவும் பெற்றோரால் உண்டாக்கப்படாமல் இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்பது திருச்சபையின் போதனை. பழக்கத்தின் அடிமைத்தனம் ஒருவனது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும் திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே குடிநோயாளியை இகழவும் நமக்கு உரிமையில்லை. அவன் பிள்ளையை முன்கூட்டியே தண்டிக்கவும் உரிமையில்லை.

அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரத் தொழிலாளியான மத்தேயு டால்பட்டின் வரலாறு இதற்கு நல்லதோர் விளக்கம். 1856இல் பிறந்த அவரது தந்தை குடிகாரர். சகோதரருள் மூத்தவர் ஒருவர் நீங்கலாக மற்றவர்களும் பெருங்குடியர்கள். ஒரே தந்தை, ஒரே வீடு. ஆயினும் மூத்தவர் குடியில் விழவில்லை. மத்தேயுவோ 12 வயதில் மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாள் முதலே குடிக்கத் தொடங்கினார். 1884இல், தம் 28ஆம் வயதில், ஒரு குருவின் முன்னிலையில் முதலில் மூன்று மாதத்திற்கு மட்டும் மதுவை விடுவதாக வாக்களித்தார். அம்மூன்று மாதம் நாற்பது ஆண்டாக நீண்டது. 1925இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் அவர் இறந்தார். 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தார். அவருடைய இரத்தம் மாறவில்லை. தினத் திருப்பலியும் செபமும் உழைப்பும் நல்லோர் துணையும் அவர் வாழ்வை மாற்றின.

புனித மோனிக்கம்மாள் சிறுமியாய் இருந்தபோது, பெற்றோர் சொற்படி திராட்சை இரசம் எடுத்துவரச் சென்று, இரகசியமாய்ச் சிறிது சிறிதாகக் குடித்துப் பழகியதை அவர் மகன் புனித அகுஸ்தீனார் தம் நூலில் எழுதியுள்ளார். பணிப்பெண் ஒருத்தி சினத்தில் “குடிகாரி” என்று சொன்னது தைக்கவே, அவர் அப்பழக்கத்தை விட்டார். அப்பணிப்பெண் அவர் செய்கையைச் சொன்னாள்; அவர் பிறப்பைச் சொல்லவில்லை. செய்கையைத் திருத்திக்கொள்ளலாம். பிறப்பை எப்படித் திருத்துவது?

நம் இல்லங்களில்

இவற்றிலிருந்து நம் குடும்பங்கள் கொள்ளத்தக்கவை சில உள்ளன. முதலாவது, பிள்ளைகளின் காதில் விழும்படி “அப்பன் புத்தி”, “பரம்பரைக் குணம்” என்று பேசுவதை அறவே விட்டுவிட வேண்டும். கோபம் வந்தால் பிள்ளை செய்த தவற்றைக் கண்டியுங்கள். இறந்தவரைக் கல்லறையிலிருந்து எழுப்பிச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

இரண்டாவது, “அண்ணனைப் பார், அக்காளைப் பார்” என்று ஒப்பிடுதல் வேண்டாம். ஒரே கூண்டில் வளர்ந்த, மரபில் ஒன்றான எலிகளே வேறுபட்டனவென்றால், இரு குழந்தைகள் வேறுபடுவதில் வியப்பென்ன? இதில் தாய்மார்களுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. பிள்ளைகள் இருவரையும் ஒன்றுபோல் வளர்த்தும் ஒருவன் வழிதவறினால், “என் வளர்ப்பே கெட்டது” என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளும் தாய் எத்தனை பேர்! வளர்ப்பு முக்கியம், ஆயினும் அதுவும் முழுக் காரணமன்று. அத்தகைய தாயைக் குற்றம் சாட்டாமல், அவளோடு சேர்ந்து செபிப்பதே அண்டை வீட்டாரின் கடமை.

மூன்றாவது, குடிநோய்க்கு மருத்துவம் உண்டு. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசி எண் 14416. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மயக்கமும் உண்டாகக்கூடுமாதலால், மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே நன்று. மறைத்து வைப்பதால் நோய் குணமாவதில்லை.

நான்காவது, தந்தையை இழந்த பிள்ளைகள் நம் பங்குகளில் பாடகர் குழுவிலும் பீடச் சிறுவர் குழுவிலும் மறைக்கல்வி வகுப்பிலும் இடம்பெறட்டும். இரக்கத்திற்காக ஓரமாய் உட்கார வைக்காமல், பொறுப்புக் கொடுத்து நடுவில் நிறுத்துங்கள். பொறுப்பு மாறும்போது தேனீயின் மூளையே மாறுகிறதென்றால், நம்பிக்கையோடு ஒரு பொறுப்பை ஒப்படைக்கும் சமூகத்தின் நடுவே ஒரு சிறுவனின் உள்ளம் மலராதிருக்குமா?

பாஸ்கா இரவில் புதிய மெழுகுதிரியை உயர்த்திப் பாடும் புகழுரையில் திருச்சபை தேனீக்களின் உழைப்பையும் நினைவுகூருகிறது. அடுத்த ஆண்டு அத்திரியின் ஒளியில் நிற்கையில், நமக்கு அருகே நிற்கும் பிள்ளைகளைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். எவர் மகன், எவர் மகள் என்று கேட்குமுன், பெயர் சொல்லி அழைப்போம். இறைவன் அவர்களை அழைத்தது அந்தப் பெயரால்தான்.